பெயர் மட்டும் ஏறிய படகு

நான் முதன்முதலாகக் கால் வைத்த படகு டென்மார்க்கில் இருக்கிறது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் பிறந்த வீடு கடலூர் முதுநகருக்குப் பக்கத்தில், வாசலில் நின்றால் அலை தெரிகிற இடத்தில் இருக்கிறது. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா அவர் கொண்டுவரும் மீனைக் கூடையில் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குப்பம் வரை போய் விற்றுவிட்டு வருகிறவள். நான் சாப்பிட்ட சோறும், போட்டுக்கொண்ட பள்ளிச் சீருடையும் படகிலிருந்து வந்தவை. அந்தப் படகில் மட்டும் என் கால் பட்டதில்லை.

எங்கள் கரையில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் கடல் கோபித்துக்கொள்ளும், வலை காலியாக வரும் என்பார்கள். இது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போடலாம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள், மணலில் ஏற்றிப் போட்டிருந்த படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி உள்ளே குதிக்கப் பார்த்தேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. அடித்தது அப்பா இல்லை, அம்மா. "ஆம்பளப் புள்ளன்னு நெனப்பா ஒனக்கு?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்தேன். என் அண்ணன் அதே படகுக்குள் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் ஃபைபர் படகுக்கு என் பெயர்தான்.

பத்தாம் வகுப்பில் நான் பள்ளியிலேயே முதலாவதாக வந்த வருஷம் அந்தப் படகு வந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் படித்ததில்லை. அண்ணன்கூட எழுத்துக் கூட்டப் பழகியதும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு வலை இழுக்கப் போய்விட்டான். அப்பா பெயிண்டரை வரவழைத்து, படகின் இரண்டு பக்கமும் சிவப்பு எழுத்தில், மஞ்சள் கரை கட்டி, என் பெயரை எழுதச் சொன்னார். "படிச்ச புள்ள பேரு. தப்பில்லாம எழுதுப்பா" என்றார். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தேன். அன்று எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அதற்குப் பிறகு கரையில் என்னைப் பார்க்கிறவர்கள், "இன்னாம்மா, நேத்து நீ அள்ளிக்கிட்டு வந்துட்டியாமே" என்பார்கள். மீன்பாடு நன்றாக இருந்தால் எனக்குப் பாராட்டு, மோசமாக இருந்தால் எனக்குக் கேலி. கடலுக்குப் போகாமலேயே நான் தினமும் கடலுக்குப் போய்வந்தேன். அது பெருமை என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது பெருமை இல்லை என்று சிதம்பரத்தில்தான் தெரிந்தது.

அங்கேதான் மேல்படிப்புப் படித்தேன், பிறகு ஆராய்ச்சிக்கும் சேர்ந்தேன். கோயிலைச் சுற்றி இருக்கும் தெருக்களில் ஒன்றான வடக்கு வீதியில் வாடகை அறை. ஒருநாள் அம்மா தூக்குவாளியில் வஞ்சிர மீன் குழம்பும் தனியாகச் சோறும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். வீட்டுக்கார அம்மா அவளை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள கொண்டு போகாதீங்க, வாடை நின்னுடும்" என்றார். அம்மா தூக்குவாளியோடு திரும்பி நடந்தாள். பஸ் நிறுத்தத்தின் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டாள். நான் படித்த படிப்பெல்லாம் சேர்ந்து அம்மாவை ஒரு வாசற்படி தாண்ட வைக்க முடியவில்லையே என்று அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

என் ஆராய்ச்சி கடல்நீரில் மிதக்கும் மிகச் சின்ன உயிர்களைப் பற்றியது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. மீன் குஞ்சுகளுக்கு அவைதான் தீனி. எங்கள் கரைக்கு நேராக, ஆறு கடலில் கலக்கும் இடத்தைத் தாண்டி, தண்ணீர் எடுக்க வேண்டும். பேராசிரியர் சந்தோஷப்பட்டார். "உங்க அப்பாகிட்டயே போட் இருக்கு. உனக்கு என்னம்மா கவலை?" என்றார்.

அப்பாவிடம் கேட்டேன். "பாட்டிலக் குடு பாப்பா. நானே மொண்டாரேன்" என்றார்.

கொடுத்தேன். கொண்டுவந்தார். பாட்டில்கள் பளிச்சென்று இருந்தன. நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மறுபடி பார்த்தேன். கடல் செத்துப்போனதுபோல் இருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தண்ணிய எங்கப்பா மொண்ட?"

"நீ சொன்ன எடத்துலதான்."

"எப்படி மொண்ட?"

"வாளியில மொண்டேன். ஒங்கம்மா வெள்ள வேட்டியக் கிழிச்சுக் குடுத்தா. அத நாலா மடிச்சு, சுத்தமா வடிகட்டித்தான் ஊத்துனேன். காலேஜுக்குப் போற தண்ணி. கசடோட குடுத்தா ஒனக்கு மரியாதையா இருக்குமா?"

"அப்பா, அந்தக் கசடுதான்ப்பா எனக்கு வேணும்."

வேட்டியைப் பற்றி அம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "மொதல்லயே சொல்றதுதானே?" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. வேட்டியைக் கிழித்துக் கொடுக்கிற அளவுக்கு என்மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் படகில் ஒரு பலகையில் உட்கார இடமில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போய் நேராகவே கேட்டேன். "என்னைய கூட்டிக்கிட்டுப் போப்பா. ஒரு காலைப்பொழுதுதான்."

"அது மட்டும் முடியாது பாப்பா" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பேராசிரியர் பரங்கிப்பேட்டையில் வாடகைப் படகு பிடிக்கலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பெயரில் ஒரு படகு இருக்கும்போது நான் ஏன் அடுத்தவர் படகில் போக வேண்டும்? "அப்ப ஒண்ணு பண்ணு. மூணு மாசம் டென்மார்க் போயிட்டு வா. அங்க லேப்ல முறையெல்லாம் கத்துக்கோ. திரும்பி வந்ததும் உன் தண்ணி உன் கையால வந்தாகணும். இல்லன்னா தலைப்ப மாத்திடுவேன்" என்றார். அப்படித்தான் போனேன்.

டென்மார்க் எங்களுக்கு அவ்வளவு தூரத்து நாடு இல்லை. தரங்கம்பாடியில் அவர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. அவர்கள் கப்பல் எங்கள் பக்கம் வந்து பல தலைமுறைகள் கழித்து, எங்கள் கரையிலிருந்து ஒரு பெண் அவர்கள் கப்பலைப் பார்க்கப் போனாள். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, வைகிங் என்ற பழங்காலக் கடலோடிகளின் கப்பல்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஒரு மியூசியத்துக்குப் போனேன். நிலத்துக்குள் நீளமாக நுழைந்த ஒரு கடல். அதன் கரையில் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் வைத்த கூடம். உள்ளே ஐந்து கப்பல்கள். முழுக் கப்பல்கள் என்று சொல்ல முடியாது. கறுத்துப்போன பலகைகளை இரும்புச் சட்டத்தில் பொருத்தி நிறுத்தியிருந்தார்கள். பலகை கிடைக்காத இடத்தை மூடி மறைக்கவில்லை. இங்கே ஒரு பலகை இருந்திருக்கும் என்று காட்ட, வெறும் இரும்புப் பட்டையை மட்டும் வளைத்து விட்டிருந்தார்கள். மரத்தைவிட அந்தக் காலி இடங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

வழிகாட்டி ஒரு நடுவயதுக்காரர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எதிரி உள்ளே வராமல் இருக்க, ஓடி ஓய்ந்த இந்தக் கப்பல்களில் கல்லை நிரப்பி, கடல்வழியின் குறுக்கே மூழ்கடித்துவிட்டார்களாம். சேற்றுக்குள் புதைந்ததால் மரம் மக்காமல் இருந்ததாம். தண்ணீரில் ஊறிக் கிடந்த மரத்தைச் சட்டென்று காயவிட்டால் நொறுங்கிப் போகும் என்பதால், வருஷக்கணக்கில் மெழுகு மாதிரி ஒரு பொருளில் ஊறவைத்தார்களாம். பக்கத்து நாட்டில் மண்மேட்டுக்கு அடியில் இதைவிட முழுசான கப்பல் ஒன்று கிடைத்ததாகவும், அதில் இரண்டு பெண்களைப் புதைத்திருந்ததாகவும் சொன்னார். ஒருத்தி ராணியாக இருக்கலாம். இன்னொருத்தி அவளுக்குத் துணையாகச் சேர்த்து அனுப்பப்பட்ட வேலைக்காரியாக இருக்கலாம். யார் யார் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த பிறகு ஒரு முழுக் கப்பல்! அதுவும் மண்ணுக்குள் ஓட்டிக்கொள்ள!

ஐந்தில் ஒன்று சின்னது. அதை முதலில் மீன் பிடிக்கத்தான் கட்டினார்களாம். மீன்பிடிப் படகு. நீளம் எங்கள் ஃபைபர் படகைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். அதன் எதிரே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். "இங்க ஒரு மீனு போட்டக் கண்ணாடி வீட்டுல வச்சிருக்காங்கம்மா." அம்மா, "மீனையும் வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்த சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் திரும்பினார்.

"தமிழா?"

கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண். கம்ப்யூட்டர் வேலைக்காக அங்கே குடியிருப்பவர்கள். நான் சிதம்பரத்தில் படிப்பதாகச் சொன்னதும் கணவருக்கு ஒரே உற்சாகம்.

"அட, நம்ம ஊரு! எங்க வீடு வடக்கு வீதியிலதான். நீங்க சிதம்பரமேவா?"

"கடலூர்."

"கடலூர்ல எங்க? மஞ்சக்குப்பமா, திருப்பாதிரிப்புலியூரா?"

"முதுநகர் பக்கம்."

"ஓ, ஹார்பர் பக்கமா. அப்பா என்ன பண்றாரு? ஹார்பர்ல வேலையா?"

"மீன் பிடிக்கிறாரு."

"எக்ஸ்போர்ட்டா?"

"இல்ல, வலையில."

அவர் மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டார். கணவர் கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியதோடு நின்றிருக்கலாம். "என்ன பாரம்பரியம் பாருங்க. ஒரு மீன்பிடிப் படக எப்படி வச்சிக் கொண்டாடறாங்க! நம்ம ஆளுங்களுக்கு இந்த மதிப்பெல்லாம் தெரியாதுங்க" என்றார்.

"எந்த ஆளுங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பொதுவாச் சொல்றேன்."

"எங்க ஆளுங்க படக நல்லாத்தான் வச்சிருக்காங்க. தெனமும் அதுலதான் சோறு வருது. உங்க வீதியில மீன் கொழம்ப வாசல் தாண்ட விடறதில்ல. மதிப்புத் தெரியாதது யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனைவிதான், "வாங்க, வெளியில படகு ஓட்ட விடறாங்களாம். போலாம்" என்று பேச்சை மாற்றினார். நல்ல பெண்மணிதான். எனக்குத்தான் அன்றைக்கு நல்லவர்களைப் பார்க்கும் பொறுமை இல்லை.

வெளியே, அந்தப் பழைய மாதிரியிலேயே புதிதாகக் கட்டிய படகுகள் தண்ணீரில் மிதந்தன. டிக்கெட் வாங்கியவர்கள் துடுப்புப் போட்டுக் கொஞ்ச தூரம் போய்வரலாம். சுக்கானைப் பிடித்து நின்றவள் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். எல்லோருக்கும் மிதவைச் சட்டையைக் கொடுத்து, யார் எந்தப் பலகையில் உட்கார வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டி அதட்டினாள். ஆண்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

என் முறை வந்தது. கால் எழவில்லை.

குளிர் என்று நினைத்து அவள் கையை நீட்டினாள். குளிரில்லை. என் முதுகில் அந்தப் பழைய அடி இருந்தது. இத்தனை படித்து, விமானம் ஏறிக் கடலைத் தாண்டி வந்த பிறகும், ஒரு பலகையைத் தாண்ட என் காலுக்கு யாரோ அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலின்மேல் எனக்கு வந்த கோபத்தில்தான் ஏறினேன். படகு லேசாக ஆடியது. கடல் ஒன்றும் சொல்லவில்லை.

துடுப்புப் போட எனக்கு வரவில்லை. முன்னால் இருந்தவர் முதுகில் இரண்டு தடவை இடித்தேன். பின் பலகையிலிருந்து வடக்கு வீதிப் பெண்மணி சிரித்தார். "உங்களுக்கு இதெல்லாம் ரத்தத்துலயே இருக்குமே!"

"எங்க ஊர்ல பொம்பளைங்க போட்ல ஏற மாட்டாங்க."

"அய்யய்யோ, ஏன்?" என்றார். கூடத்துக்குள் அந்தக் கறுத்த பலகைகளைப் பார்த்த அதே கண்ணால் என்னைப் பார்த்தார். அப்பாமேல் அவ்வளவு கோபம் இருந்தும், இவரிடம் அப்பாவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைத் தண்ணீருக்குள் குத்தினேன். அவர் எடுத்துக் கொடுத்த போட்டோவில் நான் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

அந்தப் போட்டோவை வீட்டுக்கு அனுப்பினேன். அண்ணன் உடனே, "ஸ்டேட்டஸ்ல வக்காத" என்று பதில் போட்டான். வைத்தேன். மறுநாளே கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு அம்மா போனில் சொன்னாள். பக்கத்து வீட்டு மாமா வந்து, "ரெண்டு நாளா மீனே ஏறல. ஒம் பொண்ணு அங்க போட்டுல ஏறுனாளாமே" என்றாராம். அதற்கு அம்மா, "டென்மார்க்குல ஏறுனா இங்க மீனு கோச்சிக்குமா? அப்ப நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு கொறஞ்சாலும் எம் பொண்ணுதான் காரணமா? போய்யா" என்றாளாம். என்னை முதுகில் அடித்த அம்மாதான். எனக்கு நம்பவே முடியவில்லை.

"அப்பா இன்னா சொன்னாரு?"

"போட்டோவ ரெண்டு வெரலால பெருசாக்கிப் பாத்தாரு. 'துடுப்ப இப்படியா புடிப்பா'ன்னாரு."

திரும்பி வந்தபோது மாசி மகத்துக்குச் சில நாட்கள்தான் இருந்தன. கரையில் படகுகளை மேலே இழுத்துப் போட்டுப் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அண்ணனும் எங்கள் படகின் ஒரு பக்கத்தை முடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பெயரைச் சுற்றி மட்டும் விட்டுவைத்துச் சுரண்டியிருந்தார் அப்பா. பெயருக்கு மேல் வண்ணம் தொட்டுப் புதுசாக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. அம்மா படகு நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய குப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "மகம் முடிஞ்சதும் என்னைய கூட்டிக்கிட்டுப் போ. தண்ணி எடுக்கணும். இல்லன்னா என் ஆராய்ச்சியே போயிடும்" என்றேன்.

"பரங்கிப்பேட்டயில வாடகைக்குக் கெடைக்குமாமே" என்றார் அப்பா.

"அங்க இருக்கற போட்டுல எம் பேரு இல்ல."

அண்ணன் சுரண்டுவதை நிறுத்தினான். "ஓவராப் பேசாத. நீ ஏறுனா ஊர்க்காரனுங்க நம்ம போட்டயே கடல்ல எறக்க உட மாட்டானுங்க."

"பெருவெள்ளத்தப்ப இதே போட்ட லாரியில ஏத்திக் கொண்டு போயி, எத்தன பொம்பளைங்கள ஏத்திக் கரை சேத்தீங்க? அன்னிக்கு ஊருக்காரங்க எங்க போனாங்க?"

"அது ஆபத்து பாப்பா" என்றார் அப்பா. "ஆபத்துக்குத் தோஷம் இல்ல."

"அப்ப நான் முழுகுனாத்தான் ஏத்துவியா?"

அவர் கையில் இருந்த சுரண்டும் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிச்சாவரத்துல டிக்கெட் வாங்கிட்டு வர்ற பொம்பளைங்க எல்லாம் போட்டுல போறாங்க. அத நான் கொற சொல்றேனா? அது வேற. இது தொழில் பண்ற போட்டு. நாளைக்கு வலை காலியா வந்தா ஒன்னத்தான் சொல்லுவானுங்க. எம் பொண்ண ஒருத்தன் சொல்லி என்னால கேக்க முடியாது."

மற்றவர்கள் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவரே முந்திக்கொண்டு என்னைச் சொல்லிவிட்டார். அது அவருக்குத் தெரியவே இல்லை. அந்த மூழ்கடிக்கப்பட்ட கப்பல்கள் ஞாபகத்துக்கு வந்தன. யாரோ என்றைக்கோ எந்த எதிரிக்கோ பயந்து வழியின் குறுக்கே கல்லைப் போட்டிருக்கிறார்கள். எதிரி செத்து மண்ணாகிவிட்டான். கல் மட்டும் அங்கேயே கிடக்கிறது.

நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, அப்பா நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். முகம் தெளிந்து, படகின் விளிம்பைத் தட்டினார்.

"ஒண்ணு பண்ணு. இப்பக் கரையிலதானே நிக்குது? கரையில நிக்கறப்ப ஏறிக்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். உள்ள உக்காந்து போட்டோகூட எடுத்துக்க. அங்க எடுத்த மாதிரி."

உண்மையிலேயே பெரிய சலுகை அது. எங்கள் கரையில் வேறு எந்த அப்பாவும் அதைக்கூடக் கொடுக்க மாட்டார். ஏறுவதற்கு வசதியாக ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து படகோரம் போட்டார். அந்த டயரைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை. ஆத்திரம்.

"கரையில நிக்கற போட்டுல ஏறிப் போட்டோ எடுக்கறதுக்கா நான் இங்க வந்தேன்? அதுக்குப் பேரு மியூசியம்ப்பா. அத நான் டிக்கெட் வாங்கியே பாத்துட்டு வந்துட்டேன். எனக்குத் தண்ணியில போற போட்டு வேணும். ஏத்த முடியாதுன்னா எம் பேர எறக்கிடு."

"பேரு இன்னா பண்ணுச்சு ஒன்ன?"

"பேரு மட்டும் போயிட்டு வருது. நான் போகல."

அப்பா அசையவில்லை. அவர் கையிலிருந்த தகட்டை வாங்கினேன். வாங்கினேன் என்றால், பிடுங்கினேன். என் பெயரின் முதல் எழுத்தில் வைத்து அழுத்தினேன். மஞ்சள் கரை முதலில் உதிர்ந்தது. அண்ணன் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பைத்தியமா ஒனக்கு? போட்டுப் பேர அழிக்கக் கூடாது!"

வலையிலிருந்து தலையை எடுக்காமலே அம்மா சொன்னாள். "உடுடா அவள. எழுதுனப்ப அவளக் கேட்டா எழுதுனீங்க? அழிக்கும்போது மட்டும் இன்னா?"

அண்ணன் கையை விட்டான். இரண்டு பக்கமும் சுரண்டி முடித்தபோது என் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவர், "படிக்க வச்சா இப்படித்தான் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் நகர்ந்து போய்விட்டார். நான் அன்றைக்கே பஸ் ஏறிச் சிதம்பரம் வந்துவிட்டேன்.

மகத்துக்குள் பெயிண்ட் அடித்துவிட்டார்களாம். புதுப் பெயரைப் பற்றி அண்ணன் பேச்செடுத்தானாம். அவன் மகன் பெயர். அப்பா, "அத உடு" என்று மட்டும் சொன்னாராம். படகு முழுக்கப் புது நீலம் அடித்தவர், பெயர் இருந்த இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறார். இதை அம்மா சொன்னபோது, கோபத்தில் விட்டாரா, வேறு எதனாலா என்று கேட்டேன். "ஒங்க ரெண்டு பேருக்கும் அதெல்லாம் ஒண்ணுதான்" என்றாள்.

பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் தம் படகில் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்தார். "எங்க பக்கம் காலேஜ் புள்ளைங்க வர்றது பழக்கம்தாம்மா. ஏறுங்க" என்றார். ஏறினேன். இந்தத் தடவை கால் தயங்கவில்லை. தலைப்பு மாறக் கூடாது என்பதற்காக அடுத்தவர் படகில் ஏற வேண்டியிருந்தது. அந்தக் கசப்பு எனக்கு இருந்தது. இருக்கட்டும். கசப்போடு வேலை செய்ய நான் நன்றாகப் பழகியிருக்கிறேன்.

கரையோரமாக வடக்கே போய், எங்கள் கரைக்கு நேரே வந்ததும் பாய் வேகத்தைக் குறைத்தார். என்னுடையதும் வலைதான். துணி மாதிரி நெருக்கமான கண்ணி, நுனியில் ஒரு சின்னப் பாட்டில். அதைத் தண்ணீரில் இறக்கினேன். மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். யாரும் வேட்டியில் வடிகட்டப் போவதில்லை.

அப்போதுதான் எதிரே எங்கள் படகு வந்தது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பளபளவென்று நீலம். நடுவில் மட்டும் அம்மை போட்ட மாதிரி திட்டுத் திட்டாக ஒரு நீளப் பட்டை. டென்மார்க்கில் பலகை கிடைக்காத இடத்தில் விட்டிருந்த அந்த இரும்புப் பட்டைகளைப்போல, அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பின்னால் மோட்டாரைப் பிடித்து அப்பா நின்றிருந்தார். தூரத்திலேயே என்னை அடையாளம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மோட்டாரின் சத்தம் தணிந்தது.

"போட்டு புதுசா இருக்கு. பேரக் காணோமே?" என்றார் பாய். "யாருதும்மா?"

"எங்கப்பாவோடது."

"அட! ஏன் பேரு எழுதல?"

"அவரையே கேளுங்க பாய்."

பாய் கேலி செய்கிற ஆள் இல்லை. உண்மையாகவே கேட்டுவிட்டார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "அண்ணே! போட்டுக்குப் பேரு எங்கண்ணே?" என்று கூப்பிட்டார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா அந்தப் பட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

என் வலையின் கயிறு அந்த நேரம் விறைத்தது. அதைச் சாயவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீர் பக்கம் திரும்பினேன். அப்பா பாய்க்கு என்ன பதில் சொன்னார் என்று நான் காது கொடுக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியது அவர். எனக்கு வேலை இருந்தது.